அஞ்சாம் கதவு

— அந்தக் குறிப்பையெல்லாம் அழிக்க மனசில்லன்னா அழிக்க வேண்டாம், கொரீன். காட்டாம இருக்கலாமில்ல? அந்த இன்ஸ்பெக்டர் அம்மா கேக்கிறதுக்கு மட்டும் பதில் சொல்லு. கேக்காததுக்கு வாயைத் திறக்காதே. கேட்டுக்கோ, முப்பத்தஞ்சு வருஷம் மேடைக்குப் பின்னாடி நின்னவன் சொல்றேன்.

— கேப்பாங்க, ரெஜான்.

— எப்படிக் கேப்பாங்க? அப்படி ஒண்ணு இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாதே. மேடைக் கதவையும் லைட்டையும் ஓட்டற உன் ஸ்கிரீனைப் பாப்பாங்க. பெட்டி பெட்டியா இருக்கும், பெட்டிக்குப் பெட்டி கம்பி ஓடும். பூனை பிரிச்சுப் போட்ட நூல்கண்டு மாதிரி. நானே இந்தத் தியேட்டர்ல டெக்னிக்கல் டைரக்டர்னு பேர் வெச்சுகிட்டு, அதைப் பாத்தா தலை சுத்தி உக்காந்துடறேன். அவங்க ரெண்டு நிமிஷம் பாத்துட்டு, "இயந்திரக் கோளாறு"ன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க.

— சரியா சொல்லணும்னா ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது பெட்டி.

— இதெல்லாம் எண்ணிகிட்டா இருந்தே?

— நான் எண்ணல. புரோகிராம் எண்ணிச்சு. ஒவ்வொரு பெட்டிக்கும் அதுவே ஒரு குறிப்பு எழுதிடும். பெட்டியோட பேர் என்ன, அது என்ன செய்யுது, அதுக்குள்ள என்ன அளவு வெச்சிருக்கு, யார்கிட்டேருந்து வாங்குது, யாருக்குக் குடுக்குது. குறிப்புல ஒரு பேரைத் தொட்டா அந்தப் பெட்டியோட குறிப்பு திறக்கும். அதுக்கு மேல படம் ஒண்ணும் போட்டுக் குடுத்துடும். நம்ம மெட்ரோ வரைபடம் மாதிரி. இன்ஸ்பெக்டர் மேடம் உவெலெட்டுக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சாப் போதும், எல்லாம் புரிஞ்சிடும்.

— இவ்வளவையும் சனி ஞாயிறு ரெண்டு நாள்ல உக்காந்து எழுதினியா?

— அதுக்கு ரெண்டு நாள் எல்லாம் வேண்டாம். நாப்பது செகண்டு போதும்.

— நாப்பது செகண்டு. மூணு வருஷமா உன்கிட்டக் கெஞ்சினேன், நாப்பது செகண்டு வேலைக்கு. சரி விடு. இப்ப மணி பன்னெண்டேகால். அவங்க ரெண்டு மணிக்கு வராங்க. இந்த ஊர்ல பனி விழுந்தா பஸ் பிந்தும், ஆனா அரசாங்க ஆளு பிந்த மாட்டாங்க.

— சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லையே நீங்க.

— வீட்ல மோனிக் கட்டிக் குடுத்தா. கொத்துக்கறி, சோளம், மேல மசிச்ச உருளைக்கிழங்கு. வெள்ளிக்கிழமைக்கப்புறம் எனக்கு எதுவும் இறங்கல. இந்தக் கண்ணாடி அறைல உக்காந்தா கீழ மேடை தெரியுது. மேடைத் தரைல அஞ்சாம் கதவை மூடி வெச்ச பலகை தெரியுது. பலகையைச் சுத்தி மஞ்சள் நாடா தெரியுது. இங்க உக்காந்து எவன் சாப்பிடுவான்?

— அதுக்குக் கீழ மூணு மீட்டர். சிமெண்ட் தரை.

— எனக்குத் தெரியாதா? தட்டுமுட்டு எல்லாம் மாட்டுற கொக்கியை அந்தத் தரைல நான்தான் பதிச்சேன். ஆடிகிட்டிருந்த நம்ம அன்னிக் அந்தக் கொக்கி மேல விழல, பக்கத்துல விழுந்தா. அதை நினைச்சுத்தான் நாலு நாளா கொஞ்சமாவது மூச்சு விடறேன்.

— இன்னிக்கு டாக்டர் வந்தாரா?

— காலைல வந்தாராம். ஊசியால குத்திப் பாத்தாராம். இடது கால் கட்டைவிரல்ல ஏதோ தெரியுதுன்னு சொல்லியிருக்கா. தெரிஞ்சுதா, தெரியணும்னு ஆசைப்பட்டாளான்னு அவங்க அம்மாவுக்கே சந்தேகம். இடுப்புகிட்ட ரெண்டு எலும்பு நொறுங்கியிருக்கு. அடுத்த வாரம் இன்னொரு ஆபரேஷன். இருபத்தாறு வயசு, கொரீன். நம்ம அன்னிக் பொண்ணுக்கு இருபத்தாறு வயசு.

— இதைப் பாருங்க. கண்ணாடி போட்டுக்கோங்க.

— கண்ணாடி கோட்டுப் பையில இருக்கு. நீயே படி.

— பெட்டியோட பேர், "காத்திருப்பு மூணு." வேலை, "விளக்கு நீலமான பிறகு, கதவு திறக்க எத்தனை வினாடி காத்திருக்கணும்னு சொல்வது." அளவு, ரெண்டு. முன்பு இருந்த அளவு, நாலு. மாறிய நேரம், வியாழக்கிழமை பகல் பதினொண்ணு நாப்பது. மாற்றியவர், கொரீன்.

— பாத்தியா, பாத்தியா. உன் பேர்தான் போட்டிருக்கு. இதுக்குத்தான் அழின்னு தலையால அடிச்சுக்கறேன். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், புரியுதா? நாளைக்கு அந்த அம்மா இதைக் கையில வெச்சுகிட்டு உன்னைத்தான் கூண்டுல ஏத்துவாங்க. உனக்கு ஒரு பொண்ணு இருக்கா, பள்ளிக்கூடம் போறா.

— வியாழக்கிழமை பதினொண்ணு நாப்பதுக்கு நான் டொராண்டோ போற ரயில்ல இருந்தேன்.

— அங்க உனக்கு என்ன வேலை?

— அதை அப்புறம் சொல்றேன். பாதி வழில கிங்ஸ்டன் ஸ்டேஷன் தாண்டியிருக்கும் அப்ப. கம்ப்யூட்டர் என் வீட்டு மேஜை மேல இருந்துச்சு. என் பேர்ல உள்ளே வரணும்னா என் பாஸ்வேர்டு வேணும். அது ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான்.

— எப்ப தெரிஞ்சுது உனக்கு?

— சனிக்கிழமை காலைல.

— சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரில என் பக்கத்துலதான் உக்காந்திருந்தே. காப்பி வாங்கிட்டு வந்து கையில குடுத்தே.

— ஆமா.

— இது தெரிஞ்சுகிட்டா குடுத்தே?

— தெரிஞ்சுகிட்டுதான். நீங்க சிந்திடக் கூடாதுன்னு பாதிதான் ஊத்திக் குடுத்தேன்.

— நாலு நாளா ஒரு வார்த்தை கேக்கல நீ.

— நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். இன்னிக்குக் காலைல நான் குறிப்பு இருக்குன்னு சொன்னதும், நீங்க சொன்ன முதல் வார்த்தை "அழி."

— பயந்துட்டேன், கொரீன். வேற ஒண்ணும் இல்ல. அறுபத்தொரு வயசுல ஒருத்தன் பயந்துட்டேன்னு சொல்றது அசிங்கமா இருக்கு. ஆனா பயந்துட்டேன். சொல்றேன், கேட்டுக்கோ. நாடக டைரக்டர் வியாழக்கிழமை காலைல வந்து குதிச்சாரு. முதல் பாதில அந்தப் பனிப்பாளம் கீழேருந்து ஏறுதே, அது மூணாம் கதவு வழியா வரதுக்குள்ள ஜனங்க தூங்கிடறாங்களாம். சீக்கிரம் ஏறணும், வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரங்க திரும்ப வராங்கன்னாரு. கொரீன் நாளைக்குத்தான் வருவான்னேன். "ஒரு எண்ணை மாத்த ஒரு ஆளுக்காகக் காத்திருக்கணுமா"ன்னு கேட்டாரு. அதோட விடல, எல்லார் முன்னாடியும் வெச்சுக் கேட்டாரு.

— அதனால மாத்தினீங்க.

— உனக்குப் போன் பண்ணினேன். மூணு தடவை.

— பாத்தேன்.

— என்னது?

— மூணு தடவையும் பாத்தேன். கையிலதான் இருந்துச்சு போன். எடுக்கல.

— ஏன்?

— லீவு போட்டுட்டு வேற தியேட்டருக்கு வேலை கேட்டுப் போயிட்டிருந்தேன். அந்த நேரத்துல உங்க குரலைக் கேட்டா திரும்பி வந்துடுவேன்னு தோணுச்சு.

— வேற தியேட்டருக்கா? பதினாலு வருஷத்துக்கு அப்புறமா? நான் உன்னை என்ன பண்ணிட்டேன்?

— என்னை ஒண்ணும் பண்ணல. பெனுவாவைப் பண்ணினீங்க.

— அது மேலிடம் பண்ணினது.

— வேலையை விட்டு எடுத்த கடிதத்துல கையெழுத்து உங்களுது. "பெனுவா, நீ லைட்டுக்கு வெச்சிருக்கிற கணக்கெல்லாம் தலைக்குள்ளேயே இருக்கு, ஒரு நோட்டுல எழுதி வை"ன்னு சொன்னீங்க. நல்ல மனுஷன், ஆறு மாசம் உக்காந்து படத்தோட எழுதினான். கேக் வெட்டிக் கொண்டாடினோம். அடுத்த ரெண்டு மாசத்துல, இந்த நோட்டு இருந்தா யார் வேணா இந்த வேலையைப் பாக்கலாமேன்னு மேலிடத்துக்குத் தோணிப்போச்சு. அவன் இப்ப பக்கத்து ஊர் லாவால்ல கடைக்குக் கடை அலமாரி மாட்டிகிட்டிருக்கான்.

— அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

— உங்களுக்குத் தூக்கம் வரல. அவனுக்கு வேலை வரல.

— சரி. திட்டு. திட்டி முடி.

— முடிச்சுட்டேன். மாத்தினப்புறம் சோதிச்சுப் பாத்தீங்களா?

— பாக்காம இருப்பேனா? நான் என்ன நேத்து பொறந்தவனா? மணல்மூட்டையை வெச்சு ஆறு தடவை ஓட்டிப் பாத்தேன். மூணாம் கதவு கச்சிதமா ரெண்டு வினாடியில திறந்துச்சு. வெள்ளிக்கிழமை முதல் பாதில பனிப்பாளம் ஏறினப்ப கைதட்டு விழுந்துச்சு, கேட்டியே? நான் அந்த ஓரத்துல நின்னு ஒரு நிமிஷம் பெருமைப்பட்டேன்.

— அஞ்சாம் கதவை ஓட்டிப் பாத்தீங்களா?

— அஞ்சாம் கதவை நான் தொடவே இல்லையே. அது ரெண்டாம் பாதில வரது, ஏரிக் காட்சில. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டுக்கோ, நான் கண்ணை மூடிகிட்டு மாத்தல. அந்தப் பெட்டியிலேருந்து வெளிய போற கம்பியை ஸ்கிரீன்ல விரலை வெச்சுத் தொடர்ந்து பாத்தேன். ஒரே ஒரு கம்பிதான். நேரா மூணாம் கதவுக்குப் போச்சு. வேற எங்கயும் போகல. அப்புறம் எப்படி அஞ்சாம் கதவு ரெண்டு வினாடி முந்தித் திறந்துச்சு? நாலு நாளா அதுதான் எனக்கு விளங்கல. நான்தான் காரணம்னு மட்டும் தெரியுது. எப்படின்னு தெரியல.

— கம்பி இல்ல.

— அதைத்தான் நானும் சொல்றேன்.

— கம்பி இல்லாமலே ஒரு பெட்டி இன்னொரு பெட்டியைக் கேக்கலாம். பேரைச் சொல்லிக் கேக்கலாம். அஞ்சாம் கதவுக்குள்ள நாலு பெட்டி தாண்டிப் போனா, சின்ன எழுத்துல ஒரு வரி இருக்கு. "எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு காத்திருப்பு மூணுகிட்ட கேட்டுக்கோ." நான்தான் எழுதினேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி, இந்த நாடகம் முதல் தடவை மேடையேறுறதுக்கு முந்தின நாள். ரெண்டு கதவுக்கும் நாலு வினாடிதானே, எதுக்குத் தனியா ஒரு பெட்டின்னு நினைச்சேன்.

— அப்ப நான் மூணாம் கதவுக்குன்னு ரெண்டு போட்டது...

— அஞ்சாம் கதவும் எடுத்துகிச்சு. அன்னிக்கோட கால் அஞ்சாம் கதவு மேல படறது மூணாவது வினாடில. கதவு நாலாவதுல திறக்கும். அவ அதுக்குள்ள தாண்டிப் போயிருப்பா. வெள்ளிக்கிழமை அது ரெண்டாவதுலயே திறந்துடுச்சு. தரை முழுக்க நீல வெளிச்சம், ஓடற வேகத்துல அவளுக்குப் பள்ளம் தெரிஞ்சிருக்காது.

— ஆள் கிட்ட வந்தா கதவைத் திறக்க விடாம நிறுத்த ஒரு கண்ணு வெச்சோமே?

— பெரிய கதவுகளுக்கு வெச்சோம். அஞ்சாம் கதவு சின்னது, மனுஷங்க அது பக்கம் வர மாட்டாங்கன்னு விட்டோம். அப்புறம் நடனத்தை மாத்தினாங்க.

— ஸ்கிரீன்ல இந்தத் தொடர்பு தெரியவே தெரியாதா?

— மேலோட்டமா பாத்தா தெரியாது.

— குறிப்புல?

— மூணாவது வரி. "இந்தப் பெட்டியை நம்பியிருப்பவை: கதவு மூணு, கதவு அஞ்சு." படத்துல சிவப்புக் கோடா வரும்.

— ஒரு வரி.

— ஒரு வரி.

— இந்த ஒரு வரி வியாழக்கிழமை என் கையில இருந்திருந்தா, நான் அந்தப் பெட்டியைத் தொட்டிருக்கவே மாட்டேன், கொரீன். டைரக்டர் என் கழுத்தைப் பிடிச்சிருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்.

— தெரியும்.

— எழுதி வை, எழுதி வைன்னு மூணு வருஷம் உன் பின்னாடி அலைஞ்சேன். ஒவ்வொரு தடவையும், "எல்லாம் என் தலைக்குள்ள பத்திரமா இருக்கு, ரெஜான்"னு சிரிப்பே. இப்ப ஒருத்தி விழுந்து கிடந்தப்புறம் ரெண்டாயிரம் குறிப்பு. யாருக்கு வேணும் இப்ப?

— உங்க போன் அடிக்குது.

— அடிக்கட்டும்.

— அன்னிக் பேர் வருது. எடுங்க.

— நீ பேசேன். எனக்கு... சரி, சரி. ஸ்பீக்கர்ல போடறேன், இந்தக் காது சரியா கேக்காது. அன்னிக், சொல்லும்மா.

— பெரியவரே, தூங்கிட்டீங்களா? ஏழு தடவை மணி அடிக்க விட்டீங்க. ஆஸ்பத்திரில படுத்திருக்கிறது நானா நீங்களா?

— இல்லம்மா, பேசிகிட்டிருந்தோம். கொரீன் பக்கத்துல இருக்கா.

— கொரீன், நல்லாருக்கீங்களா? உங்ககிட்டச் சொல்லணும்னு நினைச்சேன். வெள்ளிக்கிழமை உங்க ஏரிக் காட்சி ரொம்ப அழகா இருந்துச்சு. மேடைல நான் கடைசியா பாத்தது அந்த நீலம்தான்.

— வலி எப்படி இருக்கு, அன்னிக்?

— மருந்து போட்டா மேகத்துல மிதக்கறேன், மருந்து இறங்கினா எங்க ஊர் காஸ்பே கடல் மாதிரி அடிக்குது. அதை விடுங்க. பெரியவரே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அம்மா காப்பி வாங்கக் கீழ போயிருக்காங்க, அதுக்குள்ள கேட்டுடறேன். கண்ணை மூடினா அந்த ஓட்டத்தையே ஓடறேன். ஒண்ணு, ரெண்டு, திரும்பு, மூணு. மூணுல இடது கால், சரிதானே?

— சரிதான்.

— நான் வெள்ளிக்கிழமை பிந்திட்டேனா?

— என்னம்மா சொல்றே?

— ரெண்டு வாரமா முட்டில வலி. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா மாத்து ஆளைப் போட்டுடுவாங்கன்னு மறைச்சுட்டேன். அந்தத் திருப்பத்துல வலிச்சு ஒரு வினாடி பிந்தியிருப்பேன். அதுக்குள்ள கதவு திறந்திருக்கும். அதுதானே நடந்துச்சு? அந்த இன்ஸ்பெக்டர் அம்மா நாளைக்கு இங்க வராங்களாம். முட்டி வலியை மறைச்சது நான்தான், தப்பு என்னோடதுன்னு சொல்லிடலாம்னு இருக்கேன். இல்லன்னா தியேட்டரை மூடிடுவாங்க. நாப்பது பேர் பனிக்காலத்துல எங்க போய் நிப்பாங்க, பாவம்.

— அன்னிக், நான் கொரீன். நீ பிந்தல. மேல இருக்கிற கேமரா உன் ஒவ்வொரு அடியையும் எழுதி வெச்சிருக்கு. வெள்ளிக்கிழமை உன் இடது கால் விழுந்தது சரியா மூணாவது வினாடில. இந்த வருஷம் தொண்ணூத்தாறு தடவை ஓடியிருக்கே, தொண்ணூத்தாறுலயும் அதே நேரம். முட்டி வலியோட ஓடின நாள்லயும் அதேதான்.

— நிஜமாவா?

— நான் எண் விஷயத்துல பொய் சொல்வேனா?

— சொல்ல மாட்டீங்க. அப்ப... கதவு முந்திடுச்சா?

— முந்திடுச்சு.

— கதவு தானா முந்துமா?

— முந்தாதும்மா. நான் ரெஜான் பேசறேன். தானா முந்தாது. யார்கிட்டயும் உன் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லாதே, உன் அம்மாகிட்டக் கூட. சாயங்காலம் நான் வரேன். வந்து எப்படி முந்துச்சுன்னு சொல்றேன். போன்ல வேண்டாம். உன் முகத்தைப் பாத்துச் சொல்லணும்.

— உங்க குரல் ஒரு மாதிரி இருக்கே.

— சளி பிடிச்சிருக்கு.

— சரி. வரும்போது அம்மாவுக்கு ஏதாவது சாப்பிட வாங்கிட்டு வாங்க. இங்க குடுக்கிற சூப்பை அவங்க மோந்து பாத்துட்டு ஜன்னல் பக்கம் வெச்சுடறாங்க. வெச்சிடறேன், நர்ஸ் வரா.

— வெச்சுட்டா.

— தண்ணி குடிங்க, ரெஜான்.

— அவ தன் மேல போட்டுக்கப் பாக்கறா. கேட்டியா? இடுப்பு நொறுங்கிப் படுத்துகிட்டு, நமக்கு வேலை போயிடக் கூடாதுன்னு பழியைத் தன் தலைல போட்டுக்கப் பாக்கறா. நான் எழுந்து நடமாடிகிட்டு இங்க உக்காந்து "அழி"ங்கறேன்.

— குடிங்க முதல்ல.

— அழிக்காதே. ஒரு எழுத்து கூட மாத்தாதே. அந்த மாத்தினவர்ங்கிற இடத்துல மட்டும் உன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போட முடியுமா?

— கையால தொடக் கூடாது. ஒரு இடத்துல தொட்டேன்னு தெரிஞ்சா மத்த எதையும் அவங்க நம்ப மாட்டாங்க. அது எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். நீங்க வாயால சொல்லுங்க.

— சொல்றேன். ஜூன்ல ஓய்வு. மோனிக் போர்ச்சுகல் போகணும்னு படமெல்லாம் வாங்கி ஒட்டி வெச்சிருக்கா. போனாப் போகுது. என் பேர்ல கோவமா உனக்கு?

— இல்ல.

— இருக்கணும். உன் பேர்ல நுழைஞ்சேன், உன்னையே மாட்டி விட இருந்தேன்.

— கோவப்படற தகுதி எனக்கு இல்ல, ரெஜான்.

— போனை எடுக்காததுக்கா? விடு. லீவு நாள்ல போனை எடுக்கலன்னு யாரும் ஜெயிலுக்குப் போக மாட்டாங்க. வா, அவங்க வரதுக்குள்ள ஒரு தடவை ஒத்திகை பாத்துடலாம். மேடைக்காரன் ஒத்திகை இல்லாம எதுவும் பண்ணக் கூடாது. நான்தான் மேடம் உவெலெட்டுன்னு வெச்சுக்கோ. கேக்கறேன், நீ பதில் சொல்லு.

— வேண்டாமே.

— அட, எனக்காக. நான் பதில் சொல்ற இடம் வந்தா நாக்கு குழறக் கூடாது. உன்கிட்டேருந்து ஆரம்பிக்கிறேன். "மேடம், இந்தப் பெட்டி வலையை அமைச்சது யாரு?"

— நான்.

— "வேற யாராவது உதவினாங்களா?"

— இல்ல.

— "அஞ்சாம் கதவு மூணாவதோட காத்திருப்பைக் கேக்குதுன்னு யார் யாருக்குத் தெரியும்?"

— எனக்கு மட்டும்.

— "வியாழக்கிழமை மாத்தினது யாரு?" இதுக்கு நான் எழுந்து நிக்கிறேன். "நான்தான், மேடம். ரெஜான் டுபுக். கொரீனோட பேர்ல நுழைஞ்சேன், அவளுக்குத் தெரியாது." சரியா வந்துச்சா? குரல் உடையலையே?

— உடையல.

— நல்லது. அப்புறம் அவங்க குறிப்பைக் கையில எடுப்பாங்க. சாமர்த்தியமான பொம்பளைன்னு கேள்வி. எல்லாத்தையும் ரெண்டு தடவை படிப்பாங்களாம். "மேடம், இங்க முன்பு இருந்த அளவு நாலுன்னு போட்டிருக்கு. மாறிய நேரம் வியாழக்கிழமைன்னு போட்டிருக்கு. சனிக்கிழமை எழுதின குறிப்புக்கு, புதன்கிழமை என்ன இருந்துச்சுன்னு..." இரு. இரு, கொரீன். இது அந்த அம்மா கேக்கல, நான் கேக்கறேன். விபத்துக்கு அப்புறம் பொறந்த குறிப்புக்கு முந்தின நாள் அளவு எப்படித் தெரியும்?

— முந்தின நாள் குறிப்போட ஒப்பிட்டுப் பாத்துச்சு.

— முந்தின நாள் ஏது குறிப்பு?

— முதல் குறிப்போட தேதி போன மார்ச் பதினொண்ணு, ரெஜான். அன்னிலேருந்து தினமும் காலைல அது எழுதுது, அந்த மூணாவது வரியோட சேத்து. பெனுவா கதி எனக்கும் வந்துடும்னு நான்தான் உங்க யாருக்கும் காட்டல.